பட்டாளத்து மாமா: 1947 மாரியில் இறந்த ஒரு படைவீரரைத் தேடி

படுவான்கரைப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மம்மாவின் மூத்த அண்ணனைப் பற்றித் தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அவருக்குப் 'பட்டாளத்து மாமா' என்றுதான் பெயர். ஊர் மட்டக்களப்பில் மண்டூர்ப் பக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, நோயாளியாகத் திரும்பிவந்து, தாய் வீட்டு வளவிலேயே கண்ணை மூடியவர். குண்டுபட்டுச் சாகவில்லை என்பதால் அவரைப் போரில் இறந்தவராக யாரும் எண்ணவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மம்மாவுக்கு இப்போது தொண்ணூறை நெருங்கும் வயது. அண்ணன் சாகும்போது சின்னப்பெண். ஆனாலும் நினைவு நல்ல தெளிவு. அவர் சொன்னவற்றை அப்படியே தருகிறேன்.

வருஷப்பிறப்புக்கு நாலைந்து நாள் முன்பு கடலுக்குள் பெரிய சத்தம் கேட்டு, எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கத்தில்) கப்பல் தாழ்ந்தது என்று ஊரெல்லாம் பேச்சாம். அண்ணன் பட்டாளத்துக்குப் போனது அதற்குப் பிறகு, அந்த வருஷ வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு. திருகோணமலையில் கொஞ்சக் காலம் நின்றிருக்கிறார். பிறகு கப்பலில் எங்கேயோ கொண்டுபோயிருக்கிறார்கள். "சுத்திவரக் கடல், தென்னையத் தவிர ஒண்டுமில்ல" என்று அவர் சொன்ன தீவு எது என்று தெரியவில்லை. ஒருமுறை லீவில் வந்தபோது உடம்பெல்லாம் மஞ்சளாக இருந்ததாம். கடைசியில் மெலிந்து, இருமலோடு வந்து சேர்ந்தார். வளவின் மூலையில் ஒரு குடிலில் தனியே வைத்திருந்தார்கள்.

படம் ஒன்றுகூட இல்லை. வீட்டிலிருந்த கொஞ்சக் கடதாசியும் 1978 சூறாவளியோடு போய்விட்டது. மிஞ்சியது 90இல் இடம்பெயர்ந்தபோது போனது. அவர் எந்தப் படையில் இருந்தார், எந்தத் தீவு, எப்போது இறந்தார், அவருடைய பெயர் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனிதேசத்தான் எழுதியது:

தென்னை மட்டுமே உள்ள தீவு என்றால் அது கொக்கோஸ் தீவுதான். அங்கே இலங்கைப் படையினர் கலகம் செய்தார்கள், தெரியுமா? மூவரைக் கொழும்பில் தூக்கிலிட்டார்கள், மற்றவர்களைச் சிறையில் போட்டார்கள். உங்கள் மாமாவும் அதில் மாட்டி, சிறையில் நோய் பிடித்து வந்திருக்கலாம். வீட்டில் யாரும் வாய் திறக்காததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

பழங்கடதாசி எழுதியது:

பனிதேசத்தான் அண்ணை, ஆசை புரிகிறது. ஆனால் நாட்கள் பொருந்தவில்லை.

அம்மம்மா சொல்லும் கப்பல் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஹேர்மிஸையும், அதற்குத் துணையாக வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரையும் மூழ்கடித்தன. ஹேர்மிஸில் மட்டும் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். சித்திரை வருஷப்பிறப்புக்குச் சில நாள் முன்பு என்று அம்மம்மா சொல்வது அச்சொட்டாகச் சரி.

கொக்கோஸ் கலகம் நடந்தது 1942 மே 8ஆம் திகதி இரவு. சிலோன் கரிசன் ஆட்டிலறி என்ற இலங்கைப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்கள் கிரேஷியன் பெர்னாண்டோ என்பவரின் தலைமையில் எழுந்தார்கள். வேளாண்மை வெட்டு முடிந்து பட்டாளத்தில் சேர்ந்தவர், பயிற்சியும் எடுத்து மே 8க்கு முன் அந்தத் தீவில் நின்றிருக்க முடியாது. அதனால் கலகக் கதையை விட்டுவிடலாம்.

தீவை விடவேண்டாம். அந்தக் காலத்தில் இலங்கைப் படையினரை இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ், டியாகோ கார்சியா ஆகிய இடங்களுக்கும் காவலுக்கு அனுப்பினார்கள். டியாகோ கார்சியா முழுக்கத் தென்னந்தோட்டம், கொப்பறாதான் அங்கே தொழில். கொக்கோஸும் அப்படித்தான். மூன்றில் எது என்று இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். தாள் ஒன்று கிடைத்தால் அது சொல்லும்.

இன்னொன்று. இலங்கையில் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. அவர் தானாகப் போய்ச் சேர்ந்தவர்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

மஞ்சள் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் தம்பி. கண்ணும் மஞ்சளாக இருந்ததா, தோல் மட்டுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், மலேரியாவுக்கு அதுவரை கொடுத்துவந்த கொய்னா பெரும்பாலும் யாவாத் தீவிலிருந்து வந்த சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுத்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் யாவாவைப் பிடித்ததும் அது நின்றுபோனது. அதற்குப் பதிலாகப் படையினருக்கு மெப்பக்கிரின் என்ற மஞ்சள் குளிசையைத் தினமும் விழுங்கக் கொடுத்தார்கள். வரிசையில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்களாம். அதைத் தொடர்ந்து எடுத்தவர்களின் தோல் மஞ்சளாகிவிடும். மஞ்சள்காமாலை என்றால் கண்ணின் வெள்ளைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

தனிக்குடில், இருமல், மெலிவு, இதெல்லாம் மலேரியா இல்லை. அவருக்கென்று தட்டும் கோப்பையும் தனியாக வைத்திருந்தார்களா, இருமும்போது இரத்தம் வந்ததா என்றும் மெதுவாகக் கேளுங்கள். வயதானவர்களுக்கு இதைப் பற்றிப் பேசுவது கஷ்டம், அவசரப்படுத்த வேண்டாம்.

படுவான்கரைப்பிள்ளை எழுதியது:

அக்கா, கேட்டேன். கண் வெள்ளையாகத்தான் இருந்ததாம். "உள்ளங்கை எல்லாம் மஞ்சள் பூசின மாதிரி, கண் மட்டும் நல்ல வெள்ள" என்றார்.

மற்றக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சிரட்டையிலதான் மனே தண்ணி குடுத்த. குடிச்சாப் பொறகு அத எரிச்சிரிவாங்க. எனக்குக் கிட்டப் போக விடல்ல. நான் வேலிக்கு இஞ்சால நிண்டு கதைப்பன். துப்புற சட்டியில சாம்பல் போட்டு வெச்சிருக்கும். அதுல ரெத்தம் கண்டிருக்கன்."

அவர் செத்தபிறகு குடில், பாய், உடுப்பு எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார்களாம். வீட்டில் கல்யாணம் கட்டாத மூன்று பெண்கள் இருந்ததால், வெளியில் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். எங்கள் அம்மாவுக்கே இது இப்போதுதான் தெரியும்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

கசநோய்தான் (ரி.பி.). அந்த நாளில் இதற்கு மருந்தில்லை. ஸ்ட்ரெப்டோமைசினை அமெரிக்காவில் கண்டுபிடித்ததே 1943இல். 1947இல் லண்டனிலேயே அதைப் பரிசோதனையாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படுவான்கரைக் குடிலில் கிடந்தவருக்கு எங்கே கிடைத்திருக்கும்? நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு என்று டாக்டர்மார் சொல்வார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

படைமுகாமிலும் கப்பலின் கீழ்த்தட்டிலும் நெருக்கியடித்துப் படுப்பவர்களுக்கு இது சுலபமாகத் தொற்றும். அவர் சேரும்போது உடற்பரிசோதனையில் தேறித்தானே சேர்ந்திருப்பார். அதைக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

எரித்ததற்காக உங்கள் வீட்டாரை யாரும் குறைசொல்ல முடியாது. எஞ்சியிருந்த பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

பழங்கடதாசி எழுதியது:

தாதி அக்கா தொட்ட இடத்திலேயே முக்கியமான விஷயம் இருக்கிறது.

பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது. 1917இல் அரச சாசனத்தால் தொடங்கியது. திருகோணமலை நிலாவெளி வீதியிலும் கண்டியிலும் உள்ள போர்க்கல்லறைகளை அதுதான் பார்க்கிறது. இரண்டாம் உலகப்போரில் இறந்தவர் என்று அது ஏற்கும் காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. சண்டை 1945இல் முடிந்தாலும், நோயிலும் காயத்திலும் பின்னால் இறந்தவர்களை விட்டுவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் நீட்டியிருக்கிறார்கள்.

சேவையில் இருக்கும்போது இறந்தவர் என்றால், எப்படி இறந்தாலும் சேர்ப்பார்கள். படையிலிருந்து விலக்கப்பட்ட பிறகு இறந்தவர் என்றால், அந்த இறப்புக்குக் காரணமான நோய் படைச்சேவையால் வந்தது அல்லது முற்றியது என்று காட்ட வேண்டும். வீட்டுப் பாயில் இறந்தாரா, போர்க்களத்தில் இறந்தாரா என்று பார்ப்பதில்லை. விடுபட்ட பெயர்களை இன்றைக்கும் சேர்க்கிறார்கள். 2021இல் அந்த ஆணைக்குழுவே ஓர் அறிக்கை வெளியிட்டது. முதலாம் உலகப்போரில் இறந்த ஆபிரிக்க, ஆசியப் படையினரில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்று அதில் ஒத்துக்கொண்டார்கள்.

ஆக, உங்களுக்கு வேண்டியவை மூன்று: அவர் படையில் இருந்தார் என்பதற்கு ஆதாரம், இறந்த திகதிக்கு ஆதாரம், நோய்க்கும் சேவைக்கும் உள்ள தொடர்புக்கு ஆதாரம். இப்போது எனக்குப் பயமாக இருப்பது திகதிதான். 1947 மாரி என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். நம்மூர் மாரி கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும் போகும். 1948 ஜனவரியில் இறந்திருந்தால் கதவு மூடிவிடும்.

கல்முனைக்குடியான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கட மூத்தப்பாவும் அந்த நாளில் திருகோணமலையில் பட்டாளத்து வேலை செய்தவர். சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றில் ஜப்பான் விமானம் வந்து விழுந்து நாள்கணக்கில் எரிந்ததைப் பார்த்தவர். அவருக்கு ஒரு மெடல் வந்தது. வாப்பா அதைப் பீங்கான் அலுமாரியில் வைத்திருந்தார், சுனாமியில் அலுமாரியோடு போய்விட்டது.

நான் சொல்ல வந்தது வேறு. அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1961இல். அதற்கு முன் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம்தான். ஆகவே எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் பார்த்து உங்கள் முன்னோரைத் தேடினால், பழைய கடிதங்களில் 'மட்டக்களப்பு' என்று இருப்பதைக் கண்டு வேறு ஆள் என்று விட்டுவிடாதீர்கள்.

எழுவான்கரை எழுதியது:

நீங்கள் எல்லோரும் மண்டூரையே தோண்டுகிறீர்கள். மாமா கல்யாணம் கட்டினவரா, இல்லையா?

கட்டினவர் என்றால் அவருடைய பொருள் மண்டூரில் இருக்காது. நம் மட்டக்களப்பில் ஆம்பிளை கல்யாணம் கட்டிப் பெண் வீட்டுக்குத்தானே போகிறான். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம், பிறகு அவளுடைய மகளுக்கு. குடி என்கிற வம்சமும் தாய்வழி. பட்டாளத்திலிருந்து வந்த தபால், காசு, கடதாசி எல்லாம் மனைவியின் விலாசத்துக்குத்தான் வந்திருக்கும். அங்கேயே மகள், பேத்தி என்று கைமாறி எங்கேயாவது ஒரு பெட்டிக்குள் கிடக்கும். உங்கள் அம்மம்மா அவருடைய குடி, அதனால் உங்களிடம் நினைவு இருக்கிறது. கடதாசி இருப்பது அடுத்த குடியிடம்.

யாழ்ப்பாணத்திலும் தெற்கிலும் எழுதின வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு தகப்பன் ஊரிலேயே தேடி, ஒன்றுமில்லை என்று கைவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

படுவான்கரைப்பிள்ளை எழுதியது:

இதை நான் யோசிக்கவே இல்லை. கட்டினவர்தான். குருமண்வெளிப் பக்கம். ஒரு பெண்குழந்தையும் இருந்தது. நோய் தெரிந்ததும் பிள்ளைக்குத் தொற்றிவிடும் என்று அவரே தாய் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாராம். மனைவி கைக்குழந்தையோடு பாதையில் (ஆட்களை ஏற்றிக் கடக்கும் படகில்) வாவியைக் கடந்து வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார் என்று அம்மம்மா சொன்னார். அவர் இறந்தபிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து குறைந்து, பிறகு நின்றே போய்விட்டது. ஆள் அனுப்பி விசாரிக்கிறேன்.

திகதி பற்றியும் அம்மம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். வருஷம், மாதம் என்று கேட்டால் தெரியாது என்கிறார். அப்போது ஊரில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒவ்வொன்றாக வருகிறது.

நம் மட்டக்களப்புத் தமிழறிஞரும் துறவியுமான விபுலானந்த அடிகளார் காலமான செய்தி வந்தபோது அண்ணன் குடிலில் கிடந்தார். அடிகளாரைக் கல்லடிக்குக் கொண்டுவருகிறார்கள், என்னால் போய்ப் பார்க்க முடியவில்லையே என்று அழுதாராம். பிறகு தேர்தல் வந்தது. மாட்டுவண்டியில் வைக்கோல் போட்டு, அவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோய் வோட்டுப் போடவைத்தார்கள். சுதந்திரம் என்று பள்ளிக்கூடத்தில் இனிப்புக் கொடுத்தபோது அண்ணன் இல்லை, அம்மா வெள்ளைச்சேலையில் இருந்தார்.

இறந்த நாளைக் கேட்டதற்கு: "விடியச்சாமம். மழை. அவரத் தூக்கக்குள்ள திருவெம்பாவைச் சங்கு கேட்டிச்சி மனே. கோயிலால ஆக்கள் பாடிக்கிட்டு வந்தவங்க, எங்கட வளவுக்கிட்ட வந்ததும் பாட்ட நிப்பாட்டிப் போட்டாங்க."

கல்லடியான் எழுதியது:

தம்பி, உங்கள் அம்மம்மா திகதியையே சொல்லிவிட்டார்!

அடிகளார் காலமானது 1947 யூலை 19. முதலாவது பாராளுமன்றத் தேர்தல் அதே ஆண்டு ஓகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 20 வரை நடந்தது. சுதந்திரம் 1948 பெப்ரவரி 4. தேர்தலுக்கும் சுதந்திரத்துக்கும் இடையில் வந்த திருவெம்பாவை ஒன்றே ஒன்று, சர்வசித்து வருஷத்து மார்கழி.

திருவெம்பாவை பத்து நாள், திருவாதிரையோடு முடியும். அந்த மார்கழிப் பூரணை 1947 டிசம்பர் 27, சனிக்கிழமை. திருவாதிரையும் அதை ஒட்டித்தான். ஆகவே பூசை தொடங்கியது டிசம்பர் 18 அளவில். ஜனவரிக்குப் போக வழியே இல்லை.

சின்ன வயசு நினைவில் பிள்ளையார் பெருங்கதையும் திருவெம்பாவையும் கலந்திருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கலந்திருந்தாலும் பரவாயில்லை. பெருங்கதை கார்த்திகைப் பூரணைக்கு மறுநாள் தொடங்கி மார்கழிச் சஷ்டியில் முடிவது. அது இன்னும் முந்தி. எப்படிப் பார்த்தாலும் டிசம்பர் 31க்கு உள்ளேதான்.

பழங்கடதாசி எழுதியது:

அருமை. ஆணைக்குழு பஞ்சாங்கக் கணக்கை மட்டும் ஏற்காது, இறப்புப் பதிவு வேண்டும். ஆனால் இனி எந்த ஆண்டுப் பதிவேட்டைத் திறப்பது என்று தடுமாற வேண்டியதில்லை. இறந்த இடம் மண்டூர் என்பதால் போரதீவுப்பற்றுப் பதிவைத் தேடச் சொல்லுங்கள், குருமண்வெளிப் பதிவை அல்ல. 1947 டிசம்பரையும் 1948 ஜனவரியையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நடந்த சாவு சில நாள் கழித்துப் பதியப்படுவது வழக்கம், பதிந்த திகதியும் இறந்த திகதியும் வேறு. உங்களுக்கு வேண்டியது இறந்த திகதி.

வாகரைவாசி எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அவர் போனது வெள்ளைக்காரனின் போருக்கு. அவன் தன்னுடைய கல்லில் பெயர் வெட்டினால் நமக்கென்ன? நம்முடைய போரில் போனவர்களுக்கே கல் இல்லாத ஊர் இது. என் வீட்டிலேயே ஒருவருக்கு எந்தத் திகதியில் விளக்கு வைப்பது என்று தெரியாமல் இருக்கிறோம்.

படுவான்கரைப்பிள்ளை எழுதியது:

அண்ணா, கோபம் இல்லை. உங்கள் வீட்டுத் துயரத்துக்கு முன்னால் நான் என்ன சொன்னாலும் சிறிதுதான்.

பெருமைக்காக நான் இதைத் தேடவில்லை. அவர் எதற்காகப் போனார் என்று அம்மம்மாவிடம் கேட்டேன். மூன்று தங்கைகளுக்கும் வீடு கட்ட வேண்டும், அதற்குப் போனார் என்றார். அண்ணன்தானே சீதன வீடு கட்டிக்கொடுக்க வேண்டும். மூத்த தங்கையின் கல்வீடு அவர் அனுப்பிய காசில் எழும்பியது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது, என் அம்மா பிறந்தது அங்கேதான். அவருடைய உடலை வேலைக்கு எடுத்தவர்கள், அந்த வேலையில்தான் அது கெட்டது என்று எழுதித்தர வேண்டும். அவருடைய நோயை வெட்கமாக நினைத்து எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அம்மம்மா வாய் மூடி இருந்திருக்கிறார். அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கடிதம் வர வேண்டும்.

வாகரைவாசி எழுதியது:

சரி தம்பி. தேடுங்கள். திருகோணமலைக் கல்லறைக்குப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் நான் போகிறேன், எனக்குக் கிட்ட.

படுவான்கரைப்பிள்ளை எழுதியது:

குருமண்வெளி வீட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். எழுவான்கரை அண்ணன் சொன்னபடியே.

அவருடைய மகள் இருக்கிறார். தகப்பன் முகமே தெரியாதவர். நான் இன்னாருடைய பேரன் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தாயின் றங்குப்பெட்டி பரணில் இருந்தது, இறக்கித் தந்தார்கள். அடியில் ஒரு பழைய சேலைத்துண்டுக்குள் இரண்டு மெடல்.

ஒன்றில் ராசாவின் தலை, கிரீடத்தோடு. மறுபக்கம் ஒரு சிங்கம் இரண்டு தலை உள்ள பிராணியின்மேல் ஏறி நிற்கிறது. கீழே வருஷம் தெரியவில்லை, மேல்பக்கம் 1939–1945. பட்டி சிவப்பும் நீலமும், நடுவில் வெள்ளைக்குள் மெல்லிய சிவப்புக் கோடு. மற்றதில் மரக்கட்டையின்மேல் கிரீடம், இரு பக்கமும் சிங்கம். பட்டி ஓரம் பச்சை, நடு செம்மஞ்சள், பச்சைக்குள் கறுப்பு நூல் மாதிரி ஒரு கோடு. இரண்டிலும் பெயர் இல்லை. ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

கூடவே நாலாக மடித்த ஒரு தாள். மேல்பாதியைக் கறையான் தின்றுவிட்டது, படையின் பெயர் இருந்த இடம் ஓட்டை. கீழ்ப்பாதியில் ஓர் எண் இருக்கிறது. நடத்தை நல்லது என்று தட்டச்சில் இருக்கிறது. விலக்கிய காரணம் என்ற இடத்தில், படைச்சேவைக்கு வேண்டிய உடற்தகுதி இல்லாமற்போனது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஓர் அதிகாரியின் கையொப்பம். பக்கத்தில் ஊதா மையில் பெருவிரல் அடையாளம். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று அம்மம்மா சொல்கிறார். கை நடுங்கிக் கையெழுத்துப் போட முடியாத நிலையில் விரலை வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பழங்கடதாசி எழுதியது:

முதலாவது 1939–45 போர்ப்பதக்கம். 28 நாள் முழுநேரச் சேவை செய்தவருக்குக் கிடைப்பது. மற்றது பாதுகாப்புப் பதக்கம். பெயர் இல்லை என்று கவலைப்படாதீர்கள், அந்தப் போரின் பதக்கங்களைப் பிரித்தானியா பெயர் வெட்டாமல்தான் கொடுத்தது. இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் வெட்டின. நட்சத்திர வடிவில் எதுவும் இல்லாததால், அவர் பர்மாப் போர்முனையில் நின்றவராகத் தெரியவில்லை. தீவுக் காவல் என்ற வீட்டு நினைவோடு இது ஒத்துப்போகிறது.

ஆனால் பதக்கத்தைவிட அந்தத் தாள்தான் பெறுமதி. அதைத் திரும்ப மடிக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டவும் வேண்டாம், இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். சேரும்போது உடற்பரிசோதனையில் தேறியவர், விலக்கும்போது தகுதியற்றவர். இடையில் நடந்தது சேவை. தாதி அக்கா குறித்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

ஆணைக்குழுவின் இணையத்தேடலில் முதலில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரைப் போடுவதானால் ஒரே எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். நம் பெயர்களை வெள்ளைக்கார எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராகவும், ஆளின் பெயரை முதலெழுத்தாகவும் மாற்றிப் போட்டிருப்பார்கள். இரண்டு விதமாகவும் தேடுங்கள். அதிலும் இல்லை என்றால் பெயரை விட்டுவிட்டு, 1947ஆம் ஆண்டு, இலங்கைப் படை என்று மட்டும் வடிகட்டி, வருகிற பட்டியலை வரிவரியாகப் பாருங்கள்.

படுவான்கரைப்பிள்ளை எழுதியது:

எல்லா விதமாகவும் தேடினேன். எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. வாகரை அண்ணன் திருகோணமலைக்குப் போய்க் கல்லெல்லாம் பார்த்துவிட்டு வந்தார், அங்கேயும் இல்லை. அவருக்கு என் நன்றி.

இறப்புப் பதிவின் பிரதி கிடைத்துவிட்டது. ஒரு கந்தோரில் அந்த வருஷப் பதிவேடு இல்லை என்று திருப்பிவிட்டார்கள். கொழும்பு மத்திய பதிவகத்துக்கு எழுதியதில் வந்தது. இறந்த திகதி கல்லடி அண்ணன் சொன்ன பத்து நாட்களுக்குள்தான்! அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் சொன்னன்தானே" என்றார்.

அறிவித்தவர் விதானையார், அதாவது ஊர்த்தலைமைக்காரர். இறப்புக்குக் காரணம்: காய்ச்சல், இருமல். கசநோய் என்று இல்லை.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

டாக்டர் பார்க்காத கிராமத்துச் சாவுகளில் வீட்டார் சொல்வதைத்தான் எழுதுவார்கள். இருமல் என்று எழுத விட்டதே பெரிது. நோயின் போக்கைப் பற்றி அம்மம்மா சொன்னதை வைத்து நெஞ்சுநோய் வைத்தியர் ஒருவரிடம் கருத்துக் கேட்டு எழுதி வாங்கலாம். எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், தனிமடலில் பேசுவோம்.

குருமண்வெளித்துறை எழுதியது:

வணக்கம். இந்த இழையைப் பார்ப்பதற்கென்றே இங்கே சேர்ந்தேன். பட்டாளத்தாரின் மகள் என் அம்மா. நீங்கள் வந்துபோன பிறகு அம்மாவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் அம்மம்மா மறுகல்யாணம் செய்யவில்லை. மாதாமாதம் களுவாஞ்சிக்குடித் தபாற்கந்தோருக்குப் போய்க் காசு எடுப்பார். சின்ன வயசில் அம்மாவும் கூடப் போயிருக்கிறார். அது வயல் காசும் இல்லை, பிச்சைச் சம்பளமும் (ஏழைகளுக்கு அரசு கொடுக்கும் உதவிப்பணம்) இல்லை, "அப்பாட பட்டாளத்துக் காசு" என்றுதான் வீட்டில் சொல்வது. அதற்கு ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. நேற்று அம்மாவின் நகைப்பெட்டிக்குள் காணி உறுதிகளோடு அது கிடந்தது. மட்டை கிழிந்திருக்கிறது, முதல் பக்கம் நன்றாக இருக்கிறது. எங்கள் அம்மம்மாவின் பெயர், இன்னாருடைய விதவை என்று எழுதி, பக்கத்தில் ஓர் எண். அது அந்தத் தாளில் உள்ள அதே எண்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

படுவான்கரைப்பிள்ளை எழுதியது:

அதே எண். ஒரு இலக்கம்கூட மாறவில்லை.

பழங்கடதாசி எழுதியது:

இரண்டு வீட்டாரும் சேர்ந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டீர்கள்.

தங்கச்சி, அந்தப் புத்தகம் மூன்றாவது ஆதாரம். சேவையில் வந்த நோயால் இறந்தார் என்று அன்றைய அரசு ஏற்றுத்தான் பொதுவாக விதவைக்கு அப்படி ஒரு கொடுப்பனவு வரும். பதிவில் காய்ச்சல் என்று இருப்பதால் வந்த பலவீனத்தை இது பெரும்பாலும் தீர்த்துவிடும். முதல் பக்கத்தையும், முத்திரை குத்திய பக்கங்களில் மிகப் பழையதையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

விண்ணப்பத்தை மகளின் பெயரில் போடுங்கள், அவரே நெருங்கிய உறவு. கூடவே பட்டாளத்து மாமாவின் தங்கையான அம்மம்மாவின் சத்தியக்கடதாசி ஒன்று வேண்டும். சமாதான நீதவான் முன்னால், அம்மம்மா சொல்கிற மாதிரியே தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பைப் பின்னால் இணையுங்கள். சிரட்டை, சாம்பல் போட்ட சட்டி, வண்டியில் போய் வோட்டுப் போட்டது, திருவெம்பாவைச் சங்கு, எல்லாம் அதில் வரட்டும். எதையும் சுருக்க வேண்டாம்.

பெயரை எப்படி எழுதுவது என்று இரண்டு வீடும் பேசி முடிவெடுங்கள். தாளில் உள்ள எழுத்துக்கூட்டலை ஒரு வரியிலும், வீட்டில் வழங்கிய முழுப்பெயரை அடுத்த வரியிலும் கொடுக்கலாம். புதைத்தீர்களா, எரித்தீர்களா என்றும் கேட்பார்கள்.

படுவான்கரைப்பிள்ளை எழுதியது:

புதைத்ததுதான். மண்டூரில் எங்கள் குடியின் ஆட்களை வைக்கும் பக்கத்தில். கல் எதுவும் இல்லை, ஆனால் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அம்மம்மாவுக்குத் தெரியும். வரைந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீதவான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். குருமண்வெளி அக்கா, அன்றைக்கே அம்மாவையும் கூட்டிக்கொண்டு காலைப் பாதையில் வாருங்கள். புத்தகத்தையும் கொண்டுவாருங்கள், இரண்டு கையொப்பத்தையும் ஒரே இடத்தில் முடித்துவிடலாம்.